இரண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவு

ஜோசபின் அக்காவை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அதில் முதல் எட்டு வருடம் அவருக்குக் கோபம் வரும் என்பதே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று இப்போது நானும் நினைப்பதில்லை.

அக்காவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறு வருடம் பி.டி. டீச்சர். கணவர் தேவநேசன் அண்ணனுக்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனி லேபில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தார். மனைவி என்ற முறையில் அக்காவுக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஏழு வருடம் வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்தார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் வேலைக்குப் போகிற பாதி அம்மாக்களின் பிள்ளைகள் அவர் வீட்டு மேசையில்தான் மதியம் சாப்பிட்டன. என் மகன் முகுந்தும் அதில் ஒருவன். டேகேரில் இடம் கிடைக்காமல் நான் அழுதுகொண்டு நின்ற ஒரு திங்கட்கிழமை, மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்து, "பிள்ளைய இங்க தா. நீ வேலைக்குப் போ" என்றார். அதுதான் எங்கள் முதல் பேச்சு.

க்ரீன் கார்டு வந்த மாதமே வேலைக்கு விண்ணப்பம் போட்டார். டவுன்ஷிப்பில் கிராஸிங் கார்ட் வேலை. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளுக்காக வண்டிகளை நிறுத்தி, அவர்களைச் சாலை கடக்க வைக்க வேண்டும். வளாகத்து கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் முக்கு அவருக்கு. காலையிலும் மாலையிலும் பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட், கையில் சிவப்பு ஸ்டாப் பலகை. பனி கொட்டினாலும் அங்கேதான் நிற்பார். சீனப் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள், மெக்சிகோக்காரப் பிள்ளைகள், எல்லோருக்கும் அவர் மிஸ் ஜோ. யார் எந்த வகுப்பு, யாருக்கு நாய் என்றால் பயம், யார் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு நடுவே ஆறு லேன் ஹைவே ஒன்று போகிறது. அதற்கு வடக்கே ஒரு மிடில் ஸ்கூல், தெற்கே ஒன்று. நார்த், சவுத் என்றுதான் சொல்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. எங்கள் வளாகம் வடக்கே இருக்கிறது. கேட்டிலிருந்து நார்த்துக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம் பள்ளி நிர்வாகத்திடமிருந்து ஈமெயில் வந்தது. நார்த்தில் பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள், சவுத்தில் இடம் இருக்கிறது, அதனால் எல்லைகளை மாற்றி வரையப்போகிறோம் என்று. கூடவே ஒரு வரைபடம். ஜோசபின் அக்கா என் சமையலறையில் நின்றபடி அதைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்புக் கோடு ஹைவேயைத் தாண்டி வடக்கே ஏறி வந்து, எங்கள் வளாகத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தனி வீடுகள் நார்த்திலேயே இருந்தன.

"இது என்னட்டி, கோமணம் கட்டுன மாதிரி கோடு போட்டிருக்கான்?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மகள் பிரீத்தாவும் என் முகுந்தும் அப்போது ஐந்தாம் வகுப்பு. செப்டம்பரில் இருவரும் சவுத்துக்குப் போக வேண்டும்.

இதற்காகப் போட்டிருந்த கமிட்டியில் பெற்றோர் சார்பில் ஒரு தமிழர் இருந்தார். அனந்தராமன். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். ஒன்பது வருடம் எங்கள் வளாகத்தில் ஏழாம் கட்டடத்தில் குடியிருந்துவிட்டு, அந்த ஈமெயில் வருவதற்கு மூன்று வருடம் முன்புதான் சாலைக்கு எதிரே வீடு வாங்கிப் போனார். அவர் மகள் மானஸாவும் பிரீத்தாவும் ஒரே வகுப்பு. இரண்டு வயதிலிருந்து ஏழு வயதுவரை மானஸா வளர்ந்ததே ஜோசபின் அக்கா வீட்டில்தான்.

அக்கா உடனே அவரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அனந்து, நீ அந்தக் கமிட்டில இருக்கேல்லா. இந்தக் கோட்டப் போட்டது யாரு?"

"யாரும் போடலக்கா. கன்சல்டன்ட் மூணு ஆப்ஷன் குடுத்தாங்க. டேட்டா பாத்து இதை ரெகமண்ட் பண்ணோம். நார்த்ல ஓவர்கிரவுடிங். யாராவது மூவ் ஆகித்தானே ஆகணும்?"

"சரி, ஆவட்டும். பிள்ளைக எப்படிப் போவும்? பஸ் உண்டா?"

"ரெண்டு மைலுக்கு மேல இருந்தாத்தான் பஸ் குடுக்கணும்னு ஸ்டேட் ரூல். இது ஒன் பாயிண்ட் நைன் வருது. கார்பூல் பண்ணிக்கலாமே அக்கா."

"யாரு கார்பூல் பண்ணுவா? ஆறே முக்காலுக்கு ட்ரெயின் ஏறுத ஆளுவளா?"

"அக்கா, நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவர் பேசவே இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் பொதுக்கூட்டம். மாலை ஏழு மணிக்கு ஹைஸ்கூல் அரங்கத்தில். ஐந்நூறு பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேர் சீனர்கள், இந்தியர்கள். யார் வேண்டுமானாலும் மைக்கில் மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். அதற்கு முன் கமிட்டியிலிருந்து அனந்தராமன் எழுந்து விளக்கம் கொடுத்தார். நல்ல ஆங்கிலம், நல்ல ஸ்லைடுகள். கடைசியில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அபார்ட்மென்ட்டில் இருக்கும் குடும்பங்கள் வந்து போகிறவர்கள். இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாற்றம் பழக்கமானது. ஆனால் வேரூன்றிய பகுதிகளைப் பிரித்தால் பாதிப்பு அதிகம்."

எனக்குப் பக்கத்தில் ஜோசபின் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு தாள். ஹைவே சிக்னல் பற்றி, பனிக்காலம் பற்றி, கார் இல்லாத குடும்பங்கள் பற்றி, பிரீத்தாவை உட்கார வைத்து ஆங்கிலத்தைத் திருத்தி எழுதிய தாள். அவர் முறை வந்தபோது அந்தத் தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"நான் ஒன்பதாம் கட்டடத்தில் பதிமூன்று வருடமாக இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "இப்போது பேசினாரே, அவர் ஏழாம் கட்டடத்தில் ஒன்பது வருடம் இருந்தார். அவர் எங்கே வந்து எங்கே போனார்? ரோட்டைத் தாண்டினார். அவ்வளவுதான். அவர் மகளுக்கு என் மேசையில் நான் சோறு ஊட்டினேன். அந்தப் பிள்ளைக்கு மாற்றம் பழக்கமில்லையாம், என் பிள்ளைக்குப் பழக்கமாம்."

அரங்கத்தில் ஒரு பக்கம் கை தட்டினார்கள். இன்னொரு பக்கம், "தனிநபர் தாக்குதல் கூடாது" என்று யாரோ கத்தினார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கத்த, அவர்கள் பதிலுக்குக் கத்த, தலைவர் சுத்தியலால் தட்டினார். மூன்று நிமிடம் முடிந்து மைக் அணைந்தது. ஹைவேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

வெளியே பார்க்கிங்கில் அனந்தராமன் எங்களை நோக்கி வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் என் பொண்ணை இழுக்கறீங்களே அக்கா! இது நல்லாவா இருக்கு?"

"உன் பொண்ண நான் இழுக்கல. நீதான் என் பொண்ண இழுத்து ஹைவேக்கு அந்தப் பக்கம் போட்டுருக்க."

"சோறு போட்டதை எல்லாம் மைக்ல சொல்லிக்காட்டுவீங்களா?"

அக்காவின் குரல் இறங்கியது. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது. "சொல்லிக்காட்டல அனந்து. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னிக்கும் போடுவேன். நீ எங்கள என்ன சொன்ன? வந்து போறவங்க. நீ அந்த வீட்டுல இருந்தப்ப உன்ன யாராவது அப்பிடிச் சொன்னாங்களா?"

"நான் இந்த ஸ்கூலுக்காகத்தான் வீடே வாங்கினேன். இடம் இல்லன்னா யாராவது போய்த்தானே ஆகணும்?"

"அந்த யாராவதுல நீ ஏன் இல்ல?"

அவர் காரை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலைக்குள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்துவிட்டது. "நம்ம கம்யூனிட்டிக்கே அசிங்கம்" என்று ஒருவர். "ஆன்டிக்கு கொஞ்சம் மேனர்ஸ் வேணும்" என்று இன்னொருவர். அந்தப் பள்ளியின் ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு சொல்லிக்கொடுத்தவர் அக்காதான். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டச்சு செய்தேன், அழித்தேன்.

அக்கா குழுவிலிருந்து விலகினார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்காம எல்லாத்தையும் கெடுத்துட்டேன், ஷ்யாமளா. அந்த மூணு நிமிசத்த அவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். இனிமே அவனப் பத்திப் பேசப் போறதில்ல. நாளைக்கு நீ லீவு போடு. சவுத்துக்கு நடக்கணும்" என்றார்.

அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் ஆபீஸில் பார்க்கிங் கோடு போடுவதற்காக ஒரு அளவுச் சக்கரம் வைத்திருந்தார்கள். நீளக் கைப்பிடி, கீழே ஒரு சக்கரம், உருட்டிக்கொண்டே போனால் எத்தனை அடி என்று எண் ஓடும். அதை வாங்கி வந்திருந்தார். ஊரில் வருடா வருடம் மைதானத்தில் நானூறு மீட்டர் டிராக் அளந்து கோடு போட்டவர். அதை அவர் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது.

நிர்வாகத்தின் வெப்சைட்டில் ஒன்று புள்ளி ஒன்பது மைல் நடைப்பாதை என்று ஒரு பி.டி.எஃப். போட்டிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் காலை ஷிஃப்ட் முடித்ததும் கேட்டிலிருந்து கிளம்பினோம். ஹைவேயைக் கடக்கும் இடத்தில் நின்றோம். நடப்பதற்கான சிக்னல் விழுந்ததும் அக்கா எண்ணினார். இருபத்திரண்டு நொடி. நாங்கள் இருவரும் வேகமாக நடந்தும் நாலாவது லேனில் இருந்தபோது சிக்னல் மாறிவிட்டது. ஒரு லாரிக்காரன் ஹார்னை விடாமல் அழுத்தினான்.

"ஆறாங்கிளாஸ் பிள்ள, முதுகுல பேக்கு, கையில பேண்ட் கிளாஸ் ட்ரம்பெட் பொட்டி. முப்பது நொடி ஆவும். நான் தினமும் பாக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்கப்புறம்தான் விஷயமே. பாதை ஒரு பெரிய கிடங்குக்குப் பின்னால் குறுக்கே போவதாகப் படத்தில் இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் பாதையே இல்லை. எட்டடி உயரத்துக்குக் கம்பி வேலி. நடுவில் ஒரு கேட், அதில் பூட்டு, பூட்டின் மேல் துரு. தனியார் இடம், உள்ளே வரக்கூடாது என்று பலகை. கிடங்கு கட்டியபோதே அந்தப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்று செக்யூரிட்டி ஆள் சொன்னார்.

"எப்ப?"

"இரண்டு வருடம் இருக்கும்."

அக்கா வேலியைப் பிடித்தபடி அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒருத்தனும் வந்து பாக்கல, ஷ்யாமளா. இருநூறு பிள்ளைக நடக்கப் போற ரோடு. ஒருத்தனும் காலால நடந்து பாக்கல. கம்ப்யூட்டர்ல கோடு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான்" என்றார்.

வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டு போனோம். நடைபாதை இல்லாத இடத்தில் ஹைவே ஓரத்துச் சேற்றிலும் அழுக்குப் பனியிலும் நடந்தோம். முட்டுச்சந்துக்குப் போய்வந்த தூரத்தைக் கழித்துவிட்டு, சவுத்தின் வாசலில் அக்கா எண்ணைப் படித்தார். பன்னிரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு அடி. இரண்டு மைல் என்பது பத்தாயிரத்து ஐந்நூற்று அறுபது. ஆக, இரண்டே கால் மைலுக்கும் மேல்.

அன்றே படங்களோடு ஈமெயில் அனுப்பினார். நான்கு நாள் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது. தூரம் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளால் கணக்கிடப்பட்டது, உங்கள் அக்கறைக்கு நன்றி. நேரில் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு அதே இரண்டு வரியைச் சொன்னார். திரும்பி வந்து, காரை நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் அடித்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அதே வாரம், கிராஸிங் கார்டுகளுக்குப் பொறுப்பான போலீஸ் டிபார்ட்மென்டிலிருந்து அவருடைய சார்ஜென்ட் கூப்பிட்டார். புகார் வந்திருக்கிறது, வேலை நேரத்தில் முக்கில் நின்று பெற்றோர்களிடம் எல்லைப் பிரச்சினை பேசுகிறாராம், துண்டுச்சீட்டு கொடுக்கிறாராம். அக்கா ஒரு சீட்டும் கொடுத்ததில்லை. சார்ஜென்ட் நல்ல மனிதர்தான். ஆனால் எச்சரிக்கை எழுத்தில் வந்தது. யார் புகார் செய்தது என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

"விடு ஜோசி. வேல போயிடும்" என்றார் தேவநேசன் அண்ணன்.

"போவட்டும். அந்த முக்குல நான் நிக்கதே பிள்ளைகளுக்காவத்தான். பிள்ளைகளே அங்க வரப் போறதில்லன்னா நான் யாருக்குப் பலகையத் தூக்க?"

அதிலிருந்து முக்கில் அவர் யாரோடும் பேசுவதில்லை. காலையில் பெற்றோர்கள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். பிள்ளைகளிடம் மட்டும் பேசுவார்.

மார்ச்சில், எல்லை மாற்றத்துக்குப் பள்ளிப் போர்டு ஓட்டுப் போடுவதற்கு முந்தைய கூட்டம். இந்த முறை தாளைக் கொண்டு போனார். ஒரு பெயரும் சொல்லவில்லை. வேலி, பூட்டு, இருபத்திரண்டு நொடி, அடிக்கணக்கு. கடைசியில், "நாளை காலை என் வேலை முடிந்ததும், ஒன்பது மணிக்கு எங்கள் கேட்டில் நிற்பேன். ஓட்டுப் போடப் போகிறவர்கள் என்னோடு நடந்து வாருங்கள். அதற்கப்புறம் எப்படி வேண்டுமானாலும் ஓட்டுப் போடுங்கள்" என்றார். குரல் நடுங்கியது. கோபத்தை அடக்கிப் பேசினால் அவருக்குக் குரல் நடுங்கும். மேடையில் உட்கார்ந்திருந்த போர்டு உறுப்பினர்கள் ஒன்பது பேரில் சிலர் குறிப்பெடுத்தார்கள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அந்த ஒன்பது பேரில் வந்தது ஒரே ஒருவர். எழுபது வயது இருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ், வெள்ளைக்காரப் பெண்மணி. முழங்கால் வலியோடு முழுத் தூரமும் நடந்தார். ஹைவேயில் சிக்னல் மாறியபோது நடுவில் மாட்டிக்கொண்டார். அக்கா தன் கையை உயர்த்தி லாரிகளை நிறுத்தி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலிக்கு முன் வந்ததும் அந்தப் பெண்மணி போனை எடுத்துப் பூட்டைப் படம் பிடித்தார்.

அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. ஆறுக்கு மூன்று. எல்லை மாற்றம் நிறைவேறியது. வளையம் வளையமாகவே இருந்தது. ஆனால் அந்த நர்ஸ் அம்மா பூட்டின் படத்தைத் திரையில் போட்டு, தூரத்தை மறுபடி அளக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து ஓட்டுப் போட ஒருவருக்கும் முகம் இல்லை. ஏப்ரலில் அளந்தார்கள். இரண்டு மைலுக்கு மேல். சட்டப்படி பஸ் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள்.

அன்று வளாகத்தில் எல்லோரும் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் போனேன்.

"ஜெயிச்சுட்டீங்க அக்கா."

"என்னத்த ஜெயிச்சேன்? சட்டத்துல ஏற்கெனவே இருந்தத வாங்கிருக்கேன். அதுக்கு மூணு மாசம் நாயா அலஞ்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "நீயும் ரெண்டு கூட்டத்துலயும் என் பக்கத்துலதான இருந்த. ஒரு தடவ எந்திரிச்சியா?"

"விசா எக்ஸ்டென்ஷன் போயிருக்கு அக்கா. வீடியோ எடுக்கறாங்க, எதுல போய் முடியும்னு..."

"மைக்ல பேசுனா விசா போயிரும்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டது. பதினைந்து வருடமாக இந்த நாட்டில் நான் பயந்த பல விஷயங்கள் அப்படித்தான். அக்கா உள்ளே போனார். செப்டம்பர்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு அது யார் மேல் வந்த கோபம் என்று தெரிந்தது.

செப்டம்பரில் பிள்ளைகள் சவுத்துக்குப் போனார்கள். முதல் வாரம் பிரீத்தா வந்து, "இட்ஸ் ஃபைன், அம்மா. தேர் பேண்ட் ரூம் இஸ் வே பிக்கர்" என்றாளாம். அதற்கும் அக்காவுக்குக் கோபம். "நான் அவளுக்காகச் சண்ட போட்டா, அவ பேண்ட் ரூம் பெருசுங்கா" என்று என்னிடம் வந்து சொன்னார். நான்கைந்து மாதத்துக்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வந்தது அதற்காகத்தான். இருவரும் சிரித்தோம். மானஸாவும் பிரீத்தாவும் கொஞ்ச நாள் மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் அதுவும் நின்றுவிட்டது. அதைப் பற்றி அக்கா ஒரு முறைகூடப் பேசியதில்லை.

அந்த ஏப்ரலிலேயே அவர் இன்னொன்று செய்திருந்தார். சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார். தகுதி வந்து ஒரு வருடமாகியும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர். இந்திய பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனமில்லை. தேவநேசன் அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. "ஒரு ஸ்கூல் கோட்டுக்காவ யாராவது நாட்ட மாத்துவாவளா?" என்றார். எங்கள் வளாகத்தில் அறுநூறு பெரியவர்கள் இருக்கிறோம். பள்ளிப் போர்டு தேர்தலில் ஓட்டு உள்ளவர்கள் எழுபது பேர்கூட இல்லை. அக்கா கவுன்ட்டி ஆபீஸில் கேட்டு வாங்கிய கணக்கு அது. "கோடு போடுதவனுக்கு இந்த எண்ணு தெரியும், தேவா. அதான் நம்மளச் சுத்திப் போட்டான்" என்றார். டிசம்பரில் நுவார்க்கில் உறுதிமொழி எடுத்தார். அன்று மத்தியானமே வோட்டர் பதிவும் செய்துவிட்டு வந்தார்.

சென்ற வருட நவம்பர் தேர்தலில் போர்டுக்கு நின்றவர்களில் அனந்தராமன் ஒருவர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, கையில் துண்டுப் பிரசுரங்களோடு எங்கள் வளாகத்துக்கே வந்தார். ஓட்டர் பட்டியலைப் பார்த்துக் கதவு தட்டினார். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தது அக்கா.

"அக்கா, எப்படி இருக்கீங்க? சிட்டிசன் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். கங்கிராட்ஸ்."

"உள்ள வா."

உட்கார வைத்தார். காபி கொடுத்தார். அந்த மேசையில்தான் அவர் மகள் ஐந்து வருடம் சாப்பிட்டது. அவர் அதைக் கவனிக்காதது போலப் பிரசுரத்தை எடுத்து வைத்தார்.

"நம்ம ஆள் ஒருத்தர் போர்டுல இருந்தா எல்லாருக்குமே நல்லது அக்கா. பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"நான் வச்சிக்கிடத்தான் போறேன். உனக்கு ஓட்டு வேணும்னா ஒண்ணு செய். வந்து போறவங்கன்னு சொன்னேல்லா, அதத் தப்புன்னு சொல்லு."

"அக்கா, சத்தியமா சொல்றேன், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஐ ஆம் சாரி."

"இங்க இல்ல. எங்கிட்ட நீ என்ன வேணாலும் சொல்லுவ. அடுத்த மீட்டிங்குல, அதே மைக்குல, இங்கிலீஷ்ல சொல்லு. அன்னிக்கு ஐந்நூறு பேரு கேட்டாங்க. அவங்களும் கேக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் காபி கப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். "எலெக்ஷன் நேரத்துல அது எப்படிக்கா? வேற மாதிரி எடுத்துப்பாங்க."

"அப்ப காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு. நெறைய வீடு இருக்கு."

காபியைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார். மீட்டிங்கில் எதையும் சொல்லவில்லை. எங்கள் வளாகத்தில் அவருக்குக் கிடைத்த ஓட்டு பதினொன்று. ஆனால் ஊர் முழுக்க எண்ணியதில் நன்றாகவே ஜெயித்தார். இப்போது போர்டில் உட்கார்ந்திருக்கிறார்.

போர்டில் வருடா வருடம் சில இடங்களுக்குத் தேர்தல் வரும். இந்த வருடம் ஜோசபின் அக்கா நிற்கப்போகிறார். தேவநேசன் அண்ணன் வேண்டாம் என்கிறார். தோற்றுவிடுவார் என்று வளாகத்திலேயே பலர் சொல்கிறார்கள். அக்காவே அப்படித்தான் நினைக்கிறார். "தோத்தாலும் பரவால்ல. அவன் உக்காந்திருக்க போர்டப் பத்தி ஒரு மாசம் ஊரு முழுக்கப் பேசலாம்லா" என்கிறார்.

வேட்புமனுவை ஆதரித்துக் கையெழுத்துப் போட நான்தான் முதலில் போனேன். பேனாவை எடுத்தபின், இந்த ஊர் வோட்டர்கள் போட்டால்தான் செல்லும் என்று அக்கா சொன்னார். பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு வந்த கோபத்தில், அன்று சாயங்காலமே ஒவ்வொரு கட்டடமாக ஏறி, ஓட்டு உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கையெழுத்தை வாங்கி வந்தேன்.